இன்னார் என்று சொல்லப்படுபவர்

 



முன்பின் அறியாத இருவர் சந்தித்தால், ஸலாம் சொன்ன பிறகு முதலில் கேட்டுக் கொள்வது பெயரைத்தான். இந்தக் கேள்வியையும் இதற்குரிய பதிலையும் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. அரபிக்காரர் "இஸ்மீ" என்று தொடங்கித் தம் பெயரைச் சொல்லி முடித்து விடுவார். இடையில் வினைச்சொல் கிடையாது. நம் தமிழிலும் அப்படியே, "என் பெயர் காசிம்" என்றால் போதும். காரைக்காலில் பிரெஞ்சு படித்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த மொழியில் "என்னை நான் இன்னார் என்று அழைத்துக் கொள்கிறேன்" என்பதுதான் முறை என்பார்கள். ரஷ்யர்களோ "என்னை இன்னார் என்று அழைக்கிறார்கள்" என்று பிறர் மீது சாட்டிச் சொல்வார்கள். உர்தூ பேசுகிறவர் இன்னும் ஒரு படி மேலே போய் "தங்களுடைய இஸ்மெ ஷரீஃப் என்ன?" என்று கேட்பார். பெயரைத் தெரிந்து கொள்ளும் முன்பே அதற்குக் கண்ணியம் கொடுத்து விடுகிற பண்பு அது. நம் ஊர்ப் பாட்டிமார்கள் பெயரையே கேட்க மாட்டார்கள். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் எவ்வளவு பெரிய மார்க்கச் சட்டம் ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மொழிகள் வேறுபட்டிருப்பது தற்செயலானதன்று. ஸூரத்துர் ரூமின் 22-ஆவது வசனத்தில், வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதோடு சேர்த்து, மனிதர்களுடைய மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹு தஆலா எண்ணிக் காட்டுகிறான். நம் ஆதித் தந்தை ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு முதன் முதலாகக் கற்றுக் கொடுக்கப்பட்ட பாடமும் பெயர்கள்தாம் என்பதை ஸூரத்துல் பகராவின் 31-ஆவது வசனத்தில் காண்கிறோம். மலக்குகளுக்கு முன்னால் அவர்களுடைய சிறப்பு வெளிப்பட்டதும் அந்தப் பெயர்களைக் கொண்டுதான்.

மதரஸாவில் நஹ்வு ஓதத் தொடங்கும் மாணவன் முதல் நாளிலேயே இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப் என்று மனனம் செய்கிறான். 'இஸ்ம்' என்றால் பெயர். தமிழ் இலக்கணம் படிக்கும் மாணவனும் பெயர்ச்சொல், வினைச்சொல் என்றே தொடங்குகிறான். எங்கோ பஸராவில் அமர்ந்திருந்த இலக்கண இமாம்களும், இங்கே தமிழுக்கு இலக்கணம் வகுத்த புலவர்களும், சொற்களில் முதல் வகைக்குப் 'பெயர்' என்றே பெயர் வைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதில்லை. ஆதமின் மக்கள் அனைவருக்கும் அடித்தளம் ஒன்றே என்பது நமக்கு இதிலிருந்து விளங்குகிறது.

'இஸ்ம்' என்ற சொல் எதிலிருந்து பிறந்தது என்பதில் நஹ்வு இமாம்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. உயர்வு என்று பொருள்படும் 'ஸுமுவ்வு' என்பதிலிருந்து பிறந்தது என்பது பஸராவினர் கூற்று. 'வஸ்ம்' என்பதிலிருந்து பிறந்தது என்பது கூஃபாவினர் கூற்று. ஒட்டகத்தின் தோலில் சூடு போட்டு வைக்கிற அடையாளத்துக்குத்தான் 'வஸ்ம்' என்று பெயர். இலக்கண விதிப்படி பஸராவினர் கூற்றே பலமானது என்று நம் உஸ்தாதுமார்கள் சொல்லித் தந்தார்கள். ஆனால் ஊர் உலகத்தைப் பார்த்தால் கூஃபாவினர் சொன்னதும் பொய்யன்று. பெயர் சொல்லி ஒருவனை உயர்த்தவும் செய்கிறோம், அதே பெயரால் அவனுக்குச் சூடு போடவும் செய்கிறோம்.

ஒரு மொழியின் பெயர் இன்னொரு மொழிக்குள் போகும்போது அதன் ஓசை மாறுவது இயற்கை. இதில் நம்மவர்கள் சிலருக்கு வீண் சங்கடம். "பாத்திமா என்று எழுதுகிறார்களே, ஃபா எங்கே போயிற்று?" என்று ஒருவர். "முகம்மது என்று எழுதுவது பாவமில்லையா?" என்று இன்னொருவர். அருமையானவர்களே! திருக்குர்ஆனையே பாருங்கள். இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக், யஃகூப், யூஸுஃப், மூஸா முதலான பெயர்கள் அரபி மொழியில் பிறந்தவை அல்ல. இப்ரானிய மொழியில் அவ்ராஹாம், யோஸேஃப், மோஷே என்று வழங்கும் பெயர்கள் இவை. வேதத்தில் அவை அரபியின் ஓசைக்கு இசைந்தே வந்துள்ளன. அதே நேரத்தில் அவை வெளியிலிருந்து வந்த விருந்தாளிகள் என்பதற்கு அடையாளமாக, இலக்கணத்தில் அவற்றுக்குத் தன்வீன் இல்லை. 'கைர் முன்ஸரிஃப்' பாடத்தில் இதை ஓதாத மாணவன் இல்லை. நபிமார்களின் பெயர்களில் முஹம்மத், ஸாலிஹ், ஷுஐப், ஹூத் ஆகியவை அரபிப் பெயர்கள் என்பதாலும், நூஹ், லூத் ஆகியவை மூன்றே எழுத்துக் கொண்ட எளிய பெயர்கள் என்பதாலும் தன்வீன் பெறுகின்றன.

இப்படியிருக்க, துருக்கியர் மெஹ்மெத் என்பதும், மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள் மமதூ என்பதும், நம் முன்னோர்கள் உமறு, உதுமான், இபுறாகீம் என்று எழுதி வைத்ததும் குற்றமாகி விடுமா? உமறுப் புலவர் தம் காவியத்துக்குச் சீறா என்று பெயர் வைத்தார். அது அரபியின் 'ஸீரா' என்ற சொல்தான். தமிழ் நாவில் அமர்ந்த பிறகு அது தமிழாகி விட்டது. தமிழில் ஒபதியா என்று எழுதப்படும் இப்ரானியப் பெயருக்கும் அப்துல்லாஹ் என்பதற்கும் பொருள் ஒன்றே, இறைவனின் அடியான். அரபியில் அதாவுல்லாஹ், ஹிபதுல்லாஹ் என்பதைப் பாரசீகர் குதாதாத் என்பர், துருக்கியர் அல்லாஹ்வெர்தி என்பர். எல்லாம் 'அல்லாஹ் கொடுத்தது' என்ற ஒரே சுக்ரின் பல ஓசைகள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் தமிழில் ஒரு 'க' எழுத்துத்தான் உண்டு. அரபியில் காஃப், க்காஃப், கா, கைன் என்று நான்கு எழுத்துக்கள் அந்த ஒரே எழுத்தின் குடைக்குள் ஒதுங்கி நிற்கின்றன. 'கலீல்' என்று எழுதுகிறோம். தொண்டையிலிருந்து 'கா'வை எடுத்துச் சொன்னால் உற்ற நண்பன் என்று பொருள். அடிநாவில் 'காஃப்' போட்டுச் சொன்னால் 'கொஞ்சம்' என்று பொருள். எழுத்தில் பேதம் தெரியாது, குற்றமும் இல்லை. பெயர் வைக்கிற அன்று பிள்ளையின் காதில் சொல்கிறவராவது சரியாகச் சொல்லட்டும். பெற்றவர்களும் அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்து கொள்ளட்டும்.

ஓசை சிதைவதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அது பெயரை வெட்டுவது.

'அப்துல்' என்று எத்தனை பேரை அழைக்கிறோம்! பள்ளிக்கூடத்தில் அப்துல், அலுவலகத்தில் அப்துல், விமான நிலையத்தில் மிஸ்டர் அப்துல். உண்மையில் அப்துல் என்று ஒரு சொல்லே அரபியில் கிடையாது. 'அப்து' என்றால் அடிமை. அடுத்து வரும் 'ல்', பின்னால் வரவிருக்கும் சொல்லின் தலையிலுள்ள 'அல்' என்பதன் துண்டு. ஆகவே ஒருவரை அப்துல் என்று கூப்பிட்டால் "அந்த... உடைய அடிமை" என்று பாதி வாக்கியத்தில் நிறுத்தியதாகும். யாருடைய அடிமை என்பதைச் சொல்லாமல் விட்டு விட்டோம். சொல்லியிருக்க வேண்டியது அந்தப் பாதியைத்தானே!

மறு பாதியை எடுத்துக் கொண்டவர்கள் செய்வது இதைவிடக் கவலைக்குரியது. "ரஹ்மான் வந்தாரா?", "ரஜாக் கடையை அடைத்து விட்டாரா?", "காலிக்குக்குக் காய்ச்சலாம்." அஸ்தஃபிருல்லாஹ்! சொல்கிறவர் மனதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. அதனால் அவரைப் பிடித்துக் கொண்டு குஃப்ர் ஃபத்வா கொடுக்கப் புறப்பட வேண்டாம், அப்படிப் புறப்படுகிறவர்களையும் நாம் அறிவோம். என்றாலும் ரஹ்மான், காலிக், ரஸ்ஸாக் போன்ற திருநாமங்கள் அல்லாஹ்வுக்கே உரியவை, படைப்பினங்களுக்குச் சூட்டலாகாதவை என்பது உலமாப் பெருமக்களின் தீர்ப்பு. அல்லாஹ்வுக்கு அழகிய திருநாமங்கள் உள்ளன, அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள், அவற்றில் கோணலாக நடப்போரை விட்டு விடுங்கள் என்ற கருத்து ஸூரத்துல் அஃராஃபின் 180-ஆவது வசனத்தில் வருகிறது. யமாமாவில் பொய்யாக நபித்துவம் வாதாடிய முஸைலமா, 'யமாமாவின் ரஹ்மான்' என்று தன்னைச் சொல்லிக் கொண்டான். வரலாறு அவனைப் 'பெரும் பொய்யன்' என்ற பெயரோடு சேர்த்தே இன்று வரை சொல்கிறது.

ரஹீம், கரீம், அலீ, ஹகீம் போன்றவற்றில் இந்த நெருக்கடி இல்லை. ஸூரத்துத் தவ்பாவின் இறுதியில் நாயகம் (ஸல்) அவர்களையே ரஊஃப், ரஹீம் என்று அல்லாஹு தஆலா வர்ணிக்கிறான். இவை அடியார்களுக்கும் வழங்கத் தக்கவை. ஆகவே "கரீம் பாய்" என்று கூப்பிட்டவரைத் திருத்த ஓட வேண்டியதில்லை.

இதில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் மூதாட்டிகள் "அப்துறகுமான்" என்று ஒரே மூச்சில் அழைத்தார்கள். ஓசை கெட்டது, பெயர் கெடவில்லை. படித்த நாம் ஹாவைச் சரியாக உச்சரிக்கிறோம், ஆனால் பெயரை இரண்டாக அறுத்துப் போட்டு விட்டோம். அந்த மூதாட்டியின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிற பேரப்பிள்ளை, தன் நண்பனை எப்படி அழைக்கிறான் என்பதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.

பேரப்பிள்ளை என்றவுடன் ஒரு செய்தி. 'பேரன்' என்ற தமிழ்ச் சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபுதான். பாட்டனாரின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். மூத்தோரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது நம் மார்க்கத்துக்கும் அந்நியமன்று. நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு ஓரிரவில் ஆண் மகவு பிறந்ததைத் தோழர்களிடம் அறிவித்து, தம் தந்தையாகிய இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரைச் சூட்டியிருப்பதாகச் சொன்னார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைப்பதும் ஸுன்னத்தே. ஆனால் நம் வீடுகளில் பாட்டனார் பெயரை வைத்து விட்டு, மாமனார் பெயரை மருமகள் சொல்லலாமா என்று தயங்கிப் பிள்ளையை "வாப்பா" என்றும் "பெரியவன்" என்றும் கூப்பிடுவார்கள். பிள்ளைக்குத் தன் பெயர் தெரிய வருவது பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றுதான்!

பெயர் சொல்லத் தயங்குவதிலும் ஒரு மரியாதை உண்டு. மகன் தந்தையையும், மாணவன் ஆசிரியரையும் பெயர் சொல்லி அழைப்பது கூடாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் அத்கார் கிதாபில் தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். மனைவிமார் கணவரை "காசிம் வாப்பா", "காசிம் அத்தா" என்று பிள்ளையைச் சேர்த்து அழைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அரபியில் 'அபூ காசிம்' என்று சொல்லும் குன்யத்தும் இதுவும் ஒன்றே. மொழி மட்டும்தான் வேறு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தோழியருக்கெல்லாம் குன்யத் இருக்கிறதே என்று அவர்கள் கேட்டபோது, சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வைக் கொண்டு 'உம்மு அப்துல்லாஹ்' என்று வைத்துக் கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். பிள்ளையில்லாத பெண்ணை எப்படி அழைக்கிறோம் என்று நம் தாய்மார்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஊரில் அவளுக்கு வழங்கும் சொல்லும், நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கிய சொல்லும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன!

அதே அன்னையார் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. நீ மகிழ்ச்சியாக இருப்பதும் வருத்தமாக இருப்பதும் எனக்குத் தெரிந்து விடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கூறினார்கள். எப்படி என்று கேட்டதற்கு, மகிழ்ச்சியாக இருந்தால் முஹம்மதின் ரப்பின் மீது ஆணையாக என்கிறாய், வருத்தமாக இருந்தால் இப்ராஹீமின் ரப்பின் மீது ஆணையாக என்கிறாய் என்றார்கள். ஆம், தங்கள் பெயரை மட்டுமே விட்டு விடுவேன் என்று அன்னையார் பதில் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. பெயரைச் சொல்வதிலும் சொல்லாமல் விடுவதிலும் ஒரு குடும்பத்தின் வானிலை தெரிந்து விடுகிறது.

இனி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்ற பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

அரபியர் தம் பெயரை முதலில் சொல்லி, 'இப்னு' என்று இணைத்துத் தந்தை பெயரைப் பின்னால் சொல்வர். மலாய் நாட்டில் 'பின்', 'பிந்தி' என்று எழுதுவர். நாமோ தந்தையின் பெயரில் முதலெழுத்தை எடுத்து முன்னால் நிறுத்தி வைக்கிறோம். அந்த ஓர் எழுத்துக்குள் 'இப்னு' என்ற சொல் பேசாமல் நின்று கொண்டிருக்கிறது. அதை விரித்து எழுதும்போது தந்தை பெயர் முன்னால் வந்து விடுகிறது. தந்தை காசிம், மகன் யூஸுஃப் என்றால் நம் தாளில் 'காசிம் யூஸுஃப்'. இதை ஓர் அரபியர் பார்த்தால் 'யூஸுஃபின் மகன் காசிம்' என்றுதான் படிப்பார். வளைகுடாவில் நம் சகோதரர்கள் பலர் வருடக்கணக்கில் தம் வாப்பாவின் பெயரால் அழைக்கப்பட்டு வருவதன் காரணம் இதுதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் நுழைவதற்குத் தடை போட்டபோது, முதலெழுத்தோடு மட்டும் வாழ்ந்த குடும்பங்கள் எல்லாம் பதறிப் போயின. ஆகவே பிள்ளை பிறந்ததும் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிவு செய்கிறபோதே, முழுப் பெயரையும் தந்தை பெயரையும் ஒரே எழுத்துக் கூட்டலில் எழுதி வாங்கி விடுங்கள். ஒரு தாளில் காதர், மறு தாளில் காதிர், மூன்றாம் தாளில் அப்துல் என்றிருந்தால், நாளை வாரிசுரிமை கோரும் வேளையில் மூன்று பேரைத் தேடுவார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், அந்த முதலெழுத்து யாருடையது என்பது. குழந்தையில்லாத வீடுகளில் அண்ணன் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ எடுத்து வளர்க்கிறார்கள். அநாதைக் குழந்தையை வளர்ப்பவர்களும் உண்டு. எவ்வளவு உயர்ந்த நன்மை! அல்லாஹ் அவர்களுக்கு நிறைவான கூலி தரட்டும். ஆனால் வளர்த்த பாசத்தில் பள்ளிக்கூடப் பதிவேட்டில் தந்தை என்ற இடத்தில் தம் பெயரைப் போட்டு விடுகிறார்கள். இங்கேதான் ஷரீஅத் குறுக்கே கை நீட்டுகிறது. ஜைத் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மகனாகவே வளர்த்தார்கள், மக்களும் 'ஜைத் இப்னு முஹம்மத்' என்றே அழைத்தார்கள். அதைவிடப் பெருமை தரும் ஒரு பெயர் உலகில் உண்டா? ஆயினும் ஸூரத்துல் அஹ்ஸாபின் 5-ஆவது வசனம் இறங்கியது. அவர்களைத் தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும், அதுவே அல்லாஹ்விடம் நீதி, தந்தையர் யாரென்று தெரியாவிட்டால் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்களும் உங்களைச் சார்ந்தவர்களும் ஆவார்கள் என்ற கட்டளை வந்தது. அன்றிலிருந்து அவர்கள் 'ஜைத் இப்னு ஹாரிஸா' ஆனார்கள்.

தந்தை தெரியாதவர்களின் நிலை என்ன? அதற்கும் அந்தத் தலைமுறையிலேயே முன்மாதிரி உண்டு. அபூ ஹுதைஃபா (ரலி) அவர்கள் வளர்த்த ஸாலிம் (ரலி) அவர்கள், 'அபூ ஹுதைஃபாவைச் சார்ந்த ஸாலிம்' என்று அழைக்கப்பட்டார்கள். இழிவாகவா அழைக்கப்பட்டார்கள்? குர்ஆனை யாரிடம் ஓதிக் கொள்ளலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சுட்டிக் காட்டிய நால்வரில் ஒருவர் அவர்கள்! தந்தை பெயர் இல்லாத குறை அந்தச் சமுதாயத்தில் ஒரு குறையாகவே எண்ணப்படவில்லை. இன்னொரு ஸஹாபி மிக்தாத் (ரலி) அவர்கள் அம்ருடைய மகன். அறியாமைக் காலத்தில் அஸ்வத் என்பவர் மகனாக்கிக் கொண்டதால் 'மிக்தாத் இப்னுல் அஸ்வத்' என்று பிரபலமாகி விட்டார்கள். வசனம் இறங்கிய பிறகும் ஹதீஸ் கிதாபுகளில் அந்தப் பெயர் அறிமுகத்துக்காக நிலைத்து நிற்கிறது, யாரும் அதை வம்சமாகக் கருதுவதில்லை.

ஆகவே எடுத்து வளர்ப்போர் செய்ய வேண்டியது எளிது. விண்ணப்பத் தாளில் தந்தை என்ற இடத்தில் பெற்றவர் பெயர், பாதுகாவலர் என்ற இடத்தில் வளர்ப்பவர் பெயர். 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் பாதுகாவலராகப் பதிவு செய்து கொள்ளவும் வழி உண்டு. சொத்தில் பங்கில்லையே என்று வருந்துவோர் மூன்றில் ஒரு பாகம் வரை வஸிய்யத் செய்து வைக்கலாம். வீட்டில் "மகனே" என்று ஆசையோடு கூப்பிடத் தடையே இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை "அருமை மகனே" என்று அழைத்திருக்கிறார்கள். மறைத்து வளர்த்து, நிகாஹ் மஜ்லிஸில் வலீ யார் என்று கேட்கும்போது உண்மை வெளிப்பட்டு, அந்தப் பெண் பிள்ளை திகைத்து நிற்கும் நிலையை உண்டாக்கி விடாதீர்கள். அது அவளுக்குச் செய்யும் பெரும் அநியாயம்.

திருமணமான பெண் தந்தையின் முதலெழுத்தை நீக்கிக் கணவரின் முதலெழுத்தைப் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். இன்னார் மனைவி என்று சொல்வதில் தவறில்லை. நூஹ் நபியின் மனைவி, லூத் நபியின் மனைவி என்று குர்ஆனிலேயே வருகிறது. நம் நாட்டில் அந்த எழுத்தைக் கணவர் என்றே எல்லோரும் விளங்குவதால் வம்சத்தை மாற்றியதாக ஆகாது. ஆனாலும் நம் அன்னையர் எவரும் நாயகத்தின் பெயரைத் தம் பெயரோடு ஒட்டிக் கொள்ளவில்லை. அவர்கள் ஆயிஷா பின்த் அபீபக்ர், ஹஃப்ஸா பின்த் உமர் என்றே அறியப்பட்டார்கள். தந்தையின் எழுத்தை அப்படியே வைத்துக் கொள்வதே நமக்குச் சிறப்பாகத் தோன்றுகிறது. சான்றிதழ்களை மாற்றுகிற அலைச்சலும் மிச்சம்.

கடைசியாகப் பட்டப்பெயர். நம் ஊர்களில், அதிலும் கடற்கரை ஊர்களில், பட்டப்பெயர் இல்லாத வீடே அபூர்வம். தொழிலால் வந்தவை, பாட்டனார் சென்ற நாட்டால் வந்தவை என்று பலவற்றில் தீங்கில்லை. ஆனால் நொண்டி, குருடன், செவிடன், கறுப்பன், குட்டை என்று உடலைச் சொல்லி ஒட்ட வைத்தவை எத்தனை! ஓர் ஊரில் நாம் தங்கியிருந்த சமயம், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத் அறிவிப்புச் செய்தார்கள். மய்யித்தின் பெயரைச் சொன்னார்கள், தந்தை பெயரைச் சொன்னார்கள். யாருக்கும் விளங்கவில்லை. யார் யார் என்று பள்ளி வாசலில் வந்து விசாரித்தார்கள். கடைசியில் மறுபடியும் மைக்கைப் போட்டு, காலைக் குறித்த அந்தப் பட்டப்பெயரைச் சேர்த்துச் சொன்ன பிறகுதான் ஊர் 'இன்னா லில்லாஹி' சொன்னது. எழுபது வயது வாழ்ந்து முடித்தவருக்கு அவருடைய தந்தை வைத்த அழகான பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய மௌத்து வரை ஊருக்குத் தெரியாமலே போயிற்று. முதல் ஸஃப்பில் அவருடைய பேரன் நின்றிருந்தான். அவன் முகத்தை நாம் பார்த்தோம்.

ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்ற தடை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆவது வசனத்தில் இருக்கிறது. அப்படியானால் ஹதீஸ் கிதாபுகளில் 'அஃமஷ்' (கண் கூசுபவர்), 'அஃரஜ்' (கால் ஊனமானவர்) என்றெல்லாம் ராவிகளின் பெயர் வருகிறதே என்று கேட்கலாம். வேறு வழியில் ஆளை அடையாளம் காட்ட முடியாதபோது, குறைத்துப் பேசும் எண்ணம் இல்லாதபோது, அது கூடும் என்றும், வேறு விதமாக அடையாளம் காட்ட முடிந்தால் அதுவே சிறந்தது என்றும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கம் தருகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் 'துல்யதைன்', அதாவது கைகளையுடையவர், என்று ஒரு தோழரை அழைத்திருக்கிறார்கள். அவருடைய கைகள் நீளமானவை. அதில் இழிவு இல்லை.

அழைக்கிற வாயும் முக்கியம். அலீ (ரலி) அவர்கள் ஒருநாள் வீட்டில் ஏற்பட்ட சிறு மனத்தாங்கலால் பள்ளிவாசலில் வந்து படுத்திருந்தார்கள். மேலாடை விலகி முதுகில் மண் ஒட்டியிருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் தேடி வந்து, தம் கையால் அந்த மண்ணைத் துடைத்து விட்டுக் கொண்டே 'அபூ துராப்', மண்ணின் தந்தையே, எழுந்திரும் என்றார்கள். தமக்குள்ள பெயர்களில் இதைவிடப் பிரியமான பெயர் அலீ (ரலி) அவர்களுக்கு இருந்ததில்லை. பிற்காலத்தில் பகைவர்கள் அதே பெயரை இகழ்ச்சியாகச் சொன்னார்கள்.

பெற்றோர் வைத்த பெயரே பொருள் கெட்டதாக இருந்தால் நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். 'ஆஸியா' (மாறு செய்பவள்) என்ற பெண்ணுக்கு 'ஜமீலா' (அழகி) என்று வைத்தார்கள். நம் வீடுகளில் வைக்கும் ஆஸியா என்ற பெயர் ஃபிர்அவ்னின் மனைவியாகிய அந்த உத்தமியின் பெயர், அதற்கு எழுத்து வேறு, யாரும் குழம்ப வேண்டாம். 'ஹஸ்ன்' (கரடுமுரடு) என்ற பெயருடையவரை 'ஸஹ்ல்' (இலகு) என்று மாற்றிக் கொள்ளச் சொன்னபோது, தந்தை வைத்ததை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்து விட்டார். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்தக் கடினம் நீங்கவே இல்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள் சொன்னதாகப் புகாரியில் உள்ளது. ஆனாலும் மறுத்தவரை நாயகம் (ஸல்) அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை. இதையும் கவனிக்க வேண்டும்.

பஸராவில் இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் என்று பெரிய முஹத்திஸ் ஒருவர் இருந்தார்கள். ஹிஜ்ரி 193-இல் மறைந்தவர்கள். அவர்களுடைய தாயாரின் பெயர் உலைய்யா. அதனால் உலகம் அவர்களை 'இப்னு உலைய்யா' என்றே அழைத்தது. தாயைச் சேர்த்து அழைப்பது இழிவன்று. ஈஸா இப்னு மர்யம் (அலை) இல்லையா, அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) இல்லையா? ஆனால் இந்தப் பெரியாருக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று ஆராயவும் நமக்கு உரிமையில்லை. யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் அறிவிக்கையில் 'இஸ்மாயீல் இப்னு உலைய்யா' என்று சொல்லக் கேட்ட இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள், இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் என்று சொல்லுங்கள், தாயாரோடு சேர்த்துச் சொல்வதை அவர் வெறுப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று தடுத்தார்கள். நல்லதைக் கற்றுத் தந்தீர்கள், ஏற்றுக் கொண்டோம் என்றார் யஹ்யா.

நம் இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களுக்கு ஒரு நெருக்கடி. வெறும் இஸ்மாயீல் என்றால் யாரென்று தெரியாது. இப்னு உலைய்யா என்றால் அவர் மனம் நோகும். ஆகவே அவர்கள் "இப்னு உலைய்யா என்று சொல்லப்படுகிற இஸ்மாயீல்" என்று அறிவிப்பார்கள். நான் அப்படி அழைக்கவில்லை, மற்றவர்கள் அழைக்கிறார்கள் என்பது அதன் கருத்து. அந்த 'சொல்லப்படுகிற' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பேணுதல்! பத்திரங்களிலும் அரசாங்கத் தாள்களிலும் நாம் 'என்கிற' என்று ஒரு சொல் எழுதுகிறோமே, அதே சொல்தான்.

ஜமாஅத் நிர்வாகிகள் இதிலிருந்து ஒரு காரியம் செய்யலாம். மஹல்லாவின் குடும்பப் பதிவேட்டிலும் நிகாஹ் தஃப்தரிலும் ஒவ்வொருவருக்கும் அவருடைய முழுப் பெயரையும் தந்தை பெயரையும் மட்டும் எழுதுங்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்து அடையாளம் தேவைப்பட்டால் தெரு, வீட்டு எண், தொழில் எழுதுங்கள். பட்டப்பெயர் எழுதியே ஆக வேண்டுமென்றால் அந்த மனிதரை அழைத்து, "உங்களை எப்படி எழுதட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் சிரித்துக் கொண்டே சம்மதித்தால் 'என்கிற' என்று போட்டு எழுதிக் கொள்ளலாம். முகம் சுருங்கினால் பேனாவை மூடி விடுங்கள். அவர் மௌத்தாகும் நாளில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுவது அந்தத் தாள்தான்.